சோப்பு உறையில் இல்லாத ஓர் எண்

சில மாதங்களுக்கு முன் உத்திரமேரூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பெண்மணி, படுக்கையில் கிடக்கும் தம் தாயாரை வாடகை வண்டியில் ஏற்றிக்கொண்டு ஏனாத்தூரிலுள்ள நம் மருத்துவமனைக்கு வந்திருந்தார். (அடையாளம் தெரியாதவாறு சில விவரங்களை மாற்றி எழுதுகிறேன்.) தாயாருக்கு எழுபது வயதைக் கடந்துவிட்டது, பக்கவாதம். பின்புறமும் தொடையிடுக்கும் வெந்நீர் பட்டது போலச் சிவந்திருந்தன. சில இடங்களில் மேல்தோல் உரிந்து நீர் கசிந்தது. படுக்கைப்புண் என்று பயந்து வந்திருந்தார்கள். அது படுக்கைப்புண் அன்று. எலும்பு அழுந்தும் இடங்களில் புண் இல்லை. சிறுநீரும் மலமும் படும் இடங்களில்தான் இருந்தது.

எப்படிச் சுத்தம் செய்கிறீர்கள் என்று கேட்டேன். ஒவ்வொரு முறை துணி நனையும்போதும் கிருமிநாசினிச் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவுவதாகவும், கழுவும் நீரில் கிருமிநாசினித் திரவம் இரண்டு மூடி ஊற்றுவதாகவும், பிறகு பவுடர் போடுவதாகவும் சொன்னார். நாளொன்றுக்கு நான்கைந்து முறை. எட்டு மாதங்களாக ஒரு நாள்கூடத் தவறியதில்லை. சொல்லி முடித்துவிட்டு, "நான் சுத்தமாத்தானே டாக்டர் வச்சிருந்தேன்?" என்று கேட்டு அழுதார்.

அந்தக் கேள்விக்கு அன்று நான் சொன்ன விடை அவசரமானது. வெளியே நாற்பது பேர் காத்திருந்தார்கள். அவருக்குச் சொல்லியிருக்க வேண்டிய முழு விடையை இங்கே எழுதுகிறேன். வீட்டில் முதியவரையோ, கைக்குழந்தையையோ, சர்க்கரை நோயாளியையோ, கரப்பான் உள்ள பிள்ளையையோ பார்த்துக்கொள்ளும் அனைவருக்கும் அது பயன்படும் என்பது என் நம்பிக்கை.

தோல் புளிப்பானது

நம் தோலின் மேற்பரப்பு இலேசான அமிலத்தன்மை கொண்டது. ஒரு பொருள் அமிலமா காரமா என்பதைக் குறிக்கும் அளவைப் பி.எச். என்கிறோம். 1909-இல் கோபன்ஹேகன் நகரின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் சோரன்சன் என்ற வேதியியலாளர் வகுத்த அளவுகோல் இது. (அந்த ஆய்வகத்தை நிறுவியது ஒரு பீர் ஆலை, தோல் மருத்துவம் பீருக்குப் பட்ட கடன் இது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.) அளவுகோலில் 7 என்பது நடுநிலை. அதற்குக் கீழே போகப்போக அமிலம். மேலே போகப்போகக் காரம். எலுமிச்சைச் சாறு ஏறத்தாழ 2. மோர் 4-ஐ ஒட்டியது. வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பின் தெளிநீர் 12-க்கும் மேலே. இங்கே காரம் என்பது மிளகாயின் காரம் அன்று, சுண்ணாம்பின் காரம்.

இந்த எண்களைச் சாதாரண எண்களைப் போலப் படிக்கக்கூடாது. ஒவ்வொரு படிக்கும் வேறுபாடு பத்து மடங்கு. 5-க்கும் 10-க்கும் இடையே உள்ள தூரம் ஐந்து அல்ல, ஒரு லட்சம் மடங்கு.

நலமான பெரியவர் ஒருவரின் தோலில் இந்த அளவு பொதுவாக 4-க்கும் 6-க்கும் இடையே இருக்கும். 1928-இல் ஜெர்மனியைச் சேர்ந்த ஷாடே, மார்கியோனினி என்ற இரு மருத்துவர்கள் இதற்கு அமிலக் கவசம் என்று பெயரிட்டார்கள். வியர்வையிலிருந்தும், எண்ணெய்ச் சுரப்பிகள் சுரக்கும் கொழுப்பிலிருந்தும், மேல்தோலின் புரதங்கள் சிதையும்போதும் கிடைக்கும் அமிலங்களால் இக்கவசம் ஆனது. ஏதோ மேலே பூசிய வார்னிஷ் போன்றது என்று எண்ணிவிட வேண்டாம். தோல் தன் வேலையைச் செய்வதற்கு இந்தப் புளிப்பு வேண்டும்.

மேல்தோலை ஒரு செங்கற்சுவராக எண்ணிக்கொள்ளுங்கள். செல்கள் செங்கற்கள். அவற்றுக்கிடையே உள்ள கொழுப்புப் பூச்சுதான் சாந்து. அந்தச் சாந்தைக் குழைக்கும் நொதிகள் அமிலச் சூழலில்தான் நன்றாக இயங்குகின்றன. பழைய செங்கற்களைக் கழற்றிவிடும் நொதிகள் வேறு சில உண்டு, அவை பி.எச். ஏறும்போது வேகமெடுக்கின்றன. ஆகவே தோல் காரத்தின் பக்கம் சாய்ந்தால் கட்டும் வேலை தளர்ந்து, இடிக்கும் வேலை விரைகிறது. உள்ளிருக்கும் ஈரம் வெளியேறுகிறது; வெளியே இருப்பவை உள்ளே நுழைகின்றன. தோலில் குடியிருந்து நமக்குத் தீங்கு செய்யாத கிருமிகள் புளிப்புக்குப் பழகியவை. சீழ்க்கட்டிகளை உண்டாக்கும் ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் போன்றவைக்கோ நடுநிலையை ஒட்டிய சூழல் மிகவும் பிடிக்கும்.

இப்போது அந்தத் தாயாரிடம் திரும்புவோம். சிறுநீர் தோலில் தங்கும்போது அதிலுள்ள யூரியா அம்மோனியாவாக மாறுகிறது. அம்மோனியா ஒரு காரம். மலத்தில் நாம் உண்ட புரதத்தையும் கொழுப்பையும் செரிக்கும் நொதிகளின் மிச்சம் இருக்கும். காரச் சூழலில் அந்த நொதிகள் மீண்டும் சுறுசுறுப்படைகின்றன. உணவைச் செரிப்பது போலவே தோலையும் செரிக்கத் தொடங்குகின்றன. குழந்தைகளின் டயப்பர்ப் புண்ணும் இதே கதைதான். இதன் மேல் நாளொன்றுக்கு ஐந்து முறை சோப்பைத் தேய்த்தால் என்ன ஆகும்? ஏற்கெனவே உயர்ந்திருக்கும் பி.எச். இறங்குவதற்கு நேரமே கிடைக்காது. முதுமையில் தோல் இயல்பாகவே காரத்தின் பக்கம் சற்று நகர்ந்துவிடுகிறது; கழுவிய பின் பழைய நிலைக்குத் திரும்பவும் கூடுதல் நேரம் எடுத்துக்கொள்கிறது. அந்தப் பெண்மணி சுத்தமாகத்தான் வைத்திருந்தார். தாயாரின் தோலால் தாங்க இயலாத அளவுக்குச் சுத்தமாக வைத்திருந்தார்.

சவுக்காரமும் மஞ்சளும்

சோப்பைச் சவுக்காரம் என்று நம் பாட்டிமார் சொன்னார்கள். இலங்கைத் தமிழர் இன்றும் சவர்க்காரம் என்றே சொல்கிறார்கள். அந்தச் சொல்லுக்குள்ளேயே காரம் இருக்கிறது. எண்ணெயையோ கொழுப்பையோ காஸ்டிக் சோடாவுடன் வினைபுரியச் செய்தால் கிடைப்பதே சோப்பு. அது கரைந்து நுரைக்கும்போது பி.எச். இயல்பாகவே 9 முதல் 10 வரை இருக்கும். இதைக் குறைக்க முடியாதா என்று பலர் கேட்கிறார்கள். முடியாது. அமிலம் சேர்த்து 5.5-க்கு இறக்கினால் சோப்பு மீண்டும் கொழுப்பமிலமாகப் பிரிந்துவிடும். நுரையும் வராது, அழுக்கும் போகாது. ஆகவே வேப்பிலை போட்டாலும், குப்பைமேனி போட்டாலும், கையால் செய்தாலும், கழுதைப்பாலில் செய்தாலும், சோப்பு சோப்புதான். இயற்கைச் சோப்பு, மூலிகைச் சோப்பு என்ற பெயர்களில் விற்பவற்றை மென்மையானவை என்று நம்பிக் கரப்பான் உள்ள குழந்தைக்குப் போடும் பெற்றோரை வாரந்தோறும் பார்க்கிறேன். விற்பவர்களில் பலர் நல்லெண்ணத்தோடுதான் விற்கிறார்கள். வேதியியல் நல்லெண்ணத்துக்கு இளகுவதில்லை.

இதை நீங்களே வீட்டில் சோதித்துப் பார்க்கலாம். ஆரத்தி கரைக்கும்போது மஞ்சள் நீரில் சுண்ணாம்பு சேர்ந்ததும் சிவப்பதைப் பார்த்திருப்பீர்கள். மஞ்சளிலுள்ள நிறப்பொருள் காரம் பட்டால் சிவக்கும். சாம்பார் சிந்திய வெள்ளைச் சட்டையில் சோப்புப் போட்டதும் கறை சிவப்பதும் இதனால்தான். ஒரு வெள்ளைத் துணியில் மஞ்சளைக் குழைத்துப் பூசி உலர்த்துங்கள். உங்கள் குளியல் சோப்பைக் குடிநீரில் நனைத்து அதன் மேல் ஒரு கோடு இழுங்கள். கோடு செந்நிறமானால் அது காரச் சோப்பு. மஞ்சளாகவே நின்றால் அது வேறு வகை. ஒரு குறையையும் சொல்லிவிடுகிறேன்: மஞ்சள் நிறம் மாறுவது ஏறத்தாழ 8-ஐ ஒட்டித்தான். எனவே 5.5-க்கும் 7-க்கும் உள்ள வேறுபாட்டை அது காட்டாது. ஆயினும் காசு செலவில்லாத முதல் சோதனை இதுவே. மருத்துவ மாணவர்களுக்கு வகுப்பில் இதைச் செய்து காட்டுவதுண்டு; பாடத்தை மறந்தாலும் அந்தச் சிவப்பை அவர்கள் மறப்பதில்லை.

2014-இல் இந்தியத் தோல் மருத்துவ இதழில் கேரள மருத்துவர்களின் ஆய்வு ஒன்று வெளிவந்தது. கடைகளில் கிடைக்கும் குளியல் சோப்புகளையும் ஷாம்புகளையும் வாங்கி அளந்து பார்த்தார்கள். பெரும்பான்மைச் சோப்புகள் 9-க்கும் 10-க்கும் இடையே நின்றன. பெரும்பான்மை ஷாம்புகள் 6-க்கும் 7-க்கும் இடையே. தலைமுடிக்குக் கிடைக்கும் மரியாதை தோலுக்குக் கிடைக்கவில்லை.

2021 ஜனவரியில் இந்த எண் திடீரென்று எல்லா வீட்டு வரவேற்பறைகளுக்கும் வந்தது. செபாமெட் என்ற ஜெர்மானியக் கட்டியின் இந்திய விளம்பரங்கள் தன் பி.எச். 5.5 என்றும், லக்ஸ், பியர்ஸ் ஆகியவற்றுக்கு 10 என்றும், டவ்வுக்கு 7 என்றும் பெயர் சொல்லியே ஒப்பிட்டன. துணி துவைக்கும் ரின் கட்டியையும் இழுத்துவந்தன. ஹிந்துஸ்தான் யூனிலீவர் நிறுவனம் மும்பை உயர் நீதிமன்றத்துக்குப் போயிற்று. ரின்னோடு ஒப்பிடும் பகுதியை நீக்கிவிட்டு விளம்பரங்களைத் தொடரலாம் என அந்த மாதமே இடைக்கால உத்தரவு வந்தது. வழக்கு அதன் பிறகும் நீடித்தது. அந்த வாரங்களில் என்னிடம் வந்த நோயாளிகளில் பலர், வந்த நோயைச் சொல்வதற்கு முன் "எங்க சோப்பு பத்தாமே டாக்டர்?" என்று கேட்டார்கள்.

இரு தரப்பும் பாதி உண்மையைப் பேசின என்பது என் கருத்து. குளியல் கட்டிகளில் பெரும்பாலானவை காரமானவை என்பது உண்மை. அதைப் பொதுவெளியில் சொல்ல ஒரு போட்டி நிறுவனம் வரவேண்டியிருந்தது நமக்குப் பெருமை அன்று. அதே சமயம் பி.எச். ஒன்றே ஒரு கட்டியின் குணத்தைத் தீர்மானிப்பதில்லை என்ற எதிர்வாதமும் சரியே. அழுக்கு நீக்கும் பொருள் எது, எவ்வளவு நேரம் தோலில் தங்குகிறது, எத்தனை முறை போடுகிறோம், எவ்வளவு சூடான நீர் என்பவையும் சேர்ந்தே முடிவு செய்கின்றன. சோடியம் லாரில் சல்ஃபேட் என்ற நுரைப்பொருளை நடுநிலையான பி.எச். அளவில் கலந்து கொடுத்தாலும் அது தோலை எரிச்சலூட்டும்.

5.5 என்பது ஏதோ மந்திர எண் என்றும் எண்ண வேண்டாம். 2006-இல் வெளியான ஓர் ஆய்வில் 330 பேரை ஒரு நாள் முழுதும் முன்கையில் சோப்போ அழகுப் பொருளோ படாமல் இருக்கச் செய்து அளந்தார்கள். சராசரி 5.12-இலிருந்து 4.93-க்கு இறங்கியது. தோலின் உண்மையான இயல்பு 4.7-ஐ ஒட்டியது என்று அவர்கள் மதிப்பிட்டார்கள். எதையும் வாங்காமல், ஒன்றும் செய்யாமல் இருந்ததற்கே கிடைத்த பலன் அது. நலமான இளைஞர் ஒருவர் நாளொரு முறை எந்தச் சோப்பைப் போட்டுக் குளித்தாலும் சில மணி நேரத்தில் அவர் தோல் தன் புளிப்பை மீட்டுக்கொள்ளும். அவர் விலை உயர்ந்த கட்டி வாங்குவது அவர் விருப்பம். மருத்துவத் தேவை அன்று.

தேவை உள்ளவர்கள் வேறு. பிறந்த குழந்தையின் தோல் ஏறத்தாழ நடுநிலையில் இருக்கும். நாள்களும் வாரங்களும் ஆகியே புளிப்பேறும். பிறந்தவுடன் குளிப்பாட்டாமல் 24 மணி நேரம் பொறுங்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அதன் பிறகும் பல நாள்களுக்கு வெறும் வெதுவெதுப்பான நீரே போதும். பயத்தம் மாவு காரமானது அன்று என்பதால் நான் அதற்கு எதிரி அல்லேன்; ஆனால் சலிக்காத மாவை வைத்துப் பச்சிளம் தோலைச் சிவக்கச் சிவக்கத் தேய்க்கும் வழக்கத்துக்கு எதிரி. கரப்பான் உள்ள பிள்ளைகளின் தோலில் பி.எச். ஏற்கெனவே உயர்ந்திருக்கும். முதியவர்களைப் பற்றிச் சொன்னேன். சர்க்கரை நோயாளிகளுக்கு அக்குள், தொடையிடுக்கு, விரலிடுக்கு போன்ற மடிப்புகளில் பி.எச். கூடுதலாக இருப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன; பூஞ்சை அங்கேதான் முதலில் குடியேறுகிறது. படர்தாமரை வந்தால் காலையும் மாலையும் இரவுமாகக் கிருமிநாசினிச் சோப்புப் போடுவோர் நம் பகுதியில் மிகுதி. பூஞ்சைக்கு அது மருந்தன்று. தோலுக்கு மட்டும் தண்டனை.

நான் செய்த பிழை

பல ஆண்டுகளுக்கு முன், வேறோர் ஊரில் பணிபுரிந்தபோது, நெசவாளர் வீட்டுக் குழந்தை ஒன்றுக்குக் கடுமையான கரப்பானுக்காக 5.5 கட்டி ஒன்றையும் களிம்பையும் எழுதிக் கொடுத்தேன். இரண்டு மாதம் கழித்து வந்தபோது குழந்தைக்குப் பெரிதாகக் குணமில்லை. விசாரித்தேன். விலையைப் பார்த்துவிட்டுத் தாய் அந்தக் கட்டியை நான்காக வெட்டி, ஒரு துண்டை மட்டும் பயன்படுத்திக்கொண்டிருந்தார். சோப்புக்குக் காசு போய்விட்டதால், தினமும் தடவச் சொன்ன ஈரப்பதக் களிம்பு வாங்கவில்லை. கழுவி வழிந்தோடும் பொருளுக்கு அந்தக் குடும்பத்தின் பணத்தைச் செலவழிக்க வைத்துவிட்டு, தோலில் தங்கியிருக்க வேண்டிய பொருளை இழக்கச் செய்துவிட்டேன். மருந்துச் சீட்டில் அன்று நான் எழுதிய வரிசையே தவறு.

ஆகவே இப்போது என் முறை வேறு. கையில் நூறு ரூபாய்தான் இருக்கிறது என்றால், முதலில் தடவும் பொருளை வாங்குங்கள். வாசனை சேர்க்காத பெட்ரோலியம் ஜெல்லி மலிவானது, நல்லது. தேங்காயெண்ணெயும் நல்லதே. 2014-இல் பிலிப்பைன்சில் கரப்பான் உள்ள 117 குழந்தைகளிடம் 8 வாரம் நடத்திய ஆய்வில் செக்குத் தேங்காயெண்ணெயைப் போன்ற சுத்த எண்ணெய், கனிம எண்ணெயைவிட நன்றாக வேலை செய்தது. குளித்துத் துடைத்த உடனே, தோலில் ஈரம் இருக்கும்போதே தடவ வேண்டும். காய்ந்த பிறகு தடவினால் பாதிப் பலன்தான். மீதிப் பணம் இருந்தால் கட்டியை மாற்றுங்கள். அதுவும் இல்லையென்றால் இருக்கும் சோப்பையே அக்குள், இடுக்கு, பாதம் ஆகிய இடங்களுக்கு மட்டும் போடுங்கள். கை, கால், முதுகு, வயிறு ஆகியவற்றுக்கு நீர் போதும். இதற்குச் செலவு குறைகிறதே தவிரக் கூடுவதில்லை.

தண்ணீரைப் பற்றியும் கேட்கிறார்கள். நம் பகுதியில் பல ஊர்களின் ஆழ்துளைக் கிணற்று நீர் உப்புத் தண்ணீர். சோப்பு நுரைக்காமல் திரிதிரியாகத் தோலில் படியும். அந்தப் படிவு நீரில் எளிதில் போகாது, எரிச்சலைக் கூட்டும். ஆகவே சோப்பின் அளவைக் குறைப்பது இங்கே இன்னும் முக்கியம். ஆனால் இதற்கென நீரை மென்மையாக்கும் இயந்திரம் வாங்கிப் பொருத்த வேண்டாம். 2011-இல் வெளியான இங்கிலாந்து ஆய்வு ஒன்றில், கரப்பான் உள்ள 336 பிள்ளைகளைப் பிரித்துப் பார்த்தும், இயந்திரம் வைத்த வீடுகளுக்குக் கூடுதல் குணம் கிடைக்கவில்லை.

புளிப்பு நல்லது என்றதும் எலுமிச்சையை எடுத்துவிடாதீர்கள். இதைத் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். எலுமிச்சைச் சாற்றின் 2 என்ற அளவு தோலுக்கு மிகவும் கீழே. அது போதாதென்று, சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் கொப்புளமும் மாதக்கணக்கில் மறையாத கருமையும் வரும். கருமை போக்கத் தேய்த்துவிட்டுக் கூடுதல் கருமையோடு வருவோரைக் கோடைதோறும் பார்க்கிறேன். அதே போல் சமையல் சோடாவை முகத்தில் பூசுவது, வீக்கத்துக்கும் பூச்சிக்கடிக்கும் சுண்ணாம்பு தடவுவது இரண்டும் எதிர்த்திசைத் தவறுகள். சுண்ணாம்பு தோலை வேகவைக்கும். சீயக்காயைத் தலைக்குப் போடுவதில் எனக்கு மறுப்பில்லை. அதன் கரைசல் இலேசான அமிலமே. சனிக்கிழமை நல்லெண்ணெய்க் குளியலைக் கைவிட்டதில் நாம் இழந்தது கொஞ்சமன்று என்றுகூட நினைப்பதுண்டு, கண் எரிச்சலைத் தவிர.

வேலையிடத்துக் காரம் இன்னொரு செய்தி. ஈரச் சிமெண்ட்டின் பி.எச். 12-க்கு மேல். காஞ்சிபுரத்துச் சாயப்பட்டறைகளில் பச்சைப் பட்டு நூலின் பசையை நீக்கச் சோப்பும் சோடாவும் சேர்த்த கொதிநீரில் போடுகிறார்கள். அந்தக் கைகளின் வெடிப்பு வீட்டுச் சோப்பால் வந்ததன்று. கொத்தனார் வேலை செய்வோர் காலணிக்குள்ளோ கையுறைக்குள்ளோ சிமெண்ட்டுக் குழம்பு போய்விட்டால், வேலை முடியட்டும் என்று காத்திராமல் உடனே கழற்றி, ஓடும் நீரில் குறைந்தது இருபது நிமிடமாவது கழுவ வேண்டும். எலுமிச்சையோ வினிகரோ ஊற்றி முறிக்க முயல வேண்டாம். வலி தெரியாததால் அலட்சியமாக இருந்து, மறுநாள் ஆழமான புண்ணோடு வருகிறார்கள்.

ஓர் எண்ணை அச்சிடுவதில் என்ன சிரமம்?

குளியல் கட்டியின் உறையில் மொத்தக் கொழுப்புப் பொருளின் விழுக்காட்டைக் காண்கிறோம். இந்தியத் தர நிர்ணயப்படி முதல் தரக் குளியல் சோப்புக்கு அது 76-க்குக் குறையக்கூடாது. படித்தவர்கள் அந்த எண்ணைத் தேடி வாங்குகிறார்கள். கூடினால் மென்மை என்றும் நம்புகிறார்கள். சோப்பில் எவ்வளவு கொழுப்புப் பொருள் இருக்கிறது, கட்டி எவ்வளவு கரையாமல் நிற்கும் என்பதற்கு அது உதவலாம். தோலின் மேல் அது என்ன பி.எச். கொடுக்கும் என்பதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்வதில்லை. 76 விழுக்காடு உள்ள சோப்பும் மஞ்சளைச் சிவக்கவைக்கும்.

பொட்டலத்து உணவில் பச்சைப் புள்ளியா பழுப்பு முக்கோணமா என்று எழுதப் படிக்கத் தெரியாதவரும் பார்த்து வாங்குகிறார். அதைப் போல ஒவ்வொரு குளியல் கட்டியிலும், குறிப்பாகக் குழந்தைப் படம் போட்ட ஒவ்வொன்றிலும், பி.எச். அளவைப் பெரிய எழுத்தில் அச்சிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. தொழிற்சாலையில் ஒவ்வொரு தொகுதிக்கும் எளிதில் அளக்கக்கூடிய ஒன்று அது. அளந்து உறையில் போட்டுவிட்டால், நிறுவனங்கள் நீதிமன்றத்தில் வாதாடிக்கொள்ளட்டும். வாங்குபவர் கடையிலேயே முடிவு செய்துகொள்வார். 10 என்று அச்சிட்ட சோப்பை நலமான ஒருவர் தெரிந்தே வாங்குவதில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. கரப்பான் உள்ள குழந்தையின் தாய் தெரியாமல் வாங்குவதுதான் வருத்தம்.

அது நடக்கும் வரை உறையின் பின்புறத்துப் பொடி எழுத்துகளைப் படிக்கப் பழகுங்கள். படிக்க இயலாவிட்டால் மருந்தகத்தில் கேளுங்கள். சேர்மானங்களின் வரிசையில் முதலில் சோடியம் பால்மேட், சோடியம் பாம் கெர்னலேட், சோடியம் கோகோயேட் போன்ற பெயர்கள் இருந்தால் அது அசல் சோப்பு, காரமானது. சோடியம் கோகோயில் ஐசித்தியோனேட் முதலில் இருந்தால் அது செயற்கை நுரைப்பொருளால் செய்த மென்மையான கட்டி. குழந்தைச் சோப்பு என்ற பெயரையும் உறையின் இளஞ்சிவப்பு நிறத்தையும் இதற்குச் சான்றாகக் கொள்ள வேண்டாம்.

அந்தத் தாயாருக்குப் புதிய மருந்து எதுவும் பெரிதாக எழுதவில்லை. கிருமிநாசினித் திரவத்தையும் பவுடரையும் நிறுத்தச் சொன்னேன். ஈரமானால் மென்மையான பருத்தித் துணியை வெறும் நீரில் நனைத்துத் தேய்க்காமல் ஒற்றியெடுக்கவும், மலம் பட்டால் மட்டும் மென்மையான திரவம் சில சொட்டுப் பயன்படுத்தவும், நன்றாக ஒற்றி உலர்த்திய பின் துத்தநாகக் களிம்பைத் தடித்துப் பூசவும், அடுத்த முறை மேல் அழுக்கை மட்டும் எடுத்துவிட்டுக் களிம்பை முழுதும் சுரண்டாமல் விடவும் சொல்லிக் கொடுத்தோம். நம் செவிலியர் மகளின் கையைப் பிடித்துச் செய்து காட்டினார். மூன்றாம் வாரம் மகள் மட்டும் வந்தார், கைப்பேசியில் எடுத்த படத்துடன். சிவப்பு வடிந்து, உரிந்த இடங்களில் புதுத்தோல் மூடியிருந்தது. கூடவே ஒரு பையில் தம் வீட்டிலிருந்த சோப்பு உறைகள் ஆறேழையும் கொண்டுவந்திருந்தார். பேரப்பிள்ளைக்குப் போடுவது எது நல்லது என்று பார்த்துச் சொல்லச் சொன்னார்.

நீங்களும் தோல் பிரிவுக்கு வரும்போது அப்படியே செய்யுங்கள். வீட்டில் குளிக்கவும் கழுவவும் தடவவும் பயன்படுத்துகிற எல்லாவற்றின் உறைகளையும், பழைய களிம்புக் குழாய்களையும், பாட்டி கொடுத்த எண்ணெய்ப் புட்டி உட்பட, ஒரு பையில் போட்டுக் கொண்டுவாருங்கள். மருந்துச் சீட்டை எழுதுவதற்கு முன் நான் அதைப் பார்க்க வேண்டும்.